1920 தந்த மூன்றும் வராமல்போன ஒன்றும்: வடசென்னைத் தொடக்கப்பள்ளியில் விளையாட்டின் வரலாறு

1920ஆம் ஆண்டில் சென்னை மாநகரக் குழந்தைகளின் வாழ்வைத் தொடும் மூன்று காரியங்கள் நடந்தன. தொடக்கக் கல்வியை உள்ளாட்சிகள் ஏற்று நடத்தவும், இடத்துக்கேற்ப அதைக் கட்டாயமாக்கவும் வழிசெய்த சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் அந்த ஆண்டில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் தீர்மானத்தை மாநகராட்சி மன்றத்தில் நிறைவேற்ற வைத்தார் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். வண்ணாரப்பேட்டையில் இன்றும் அவர் பெயரில் ஒரு கல்லூரி நிற்கிறது. மூன்றாவது காரியத்தைச் செய்தவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் சார்பில் முந்தைய ஆண்டு சென்னைக்கு வந்திருந்த அவர், உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இப்போது நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். ஆசியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படும் அந்தப் பயிற்சி எஸ்பிளனேடில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் ஆரம்பமானது. நூறாண்டு கடந்து பார்த்தால், முதல் இரண்டும் தட்டுத்தடுமாறியாவது தொடக்கப்பள்ளிக்குள் வந்து நிலைத்துவிட்டன. இன்று திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்குப் படிப்பும் உணவும் உரிமையாகக் கிடைக்கின்றன. மூன்றாவதான விளையாட்டும் உடற்பயிற்சியும் அந்தக் குழந்தையை எட்டவே இல்லை. ஏன் எட்டவில்லை, எட்டாதது இத்தனை காலம் ஏன் யார் கண்ணிலும் படவில்லை, இனி ஏன் பொறுத்திருக்க முடியாது என்பவற்றுக்கு வடசென்னையின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

முதலில், பள்ளிக்கு முன்பு இந்தப் பகுதியில் குழந்தையின் உடல் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்று பார்க்க வேண்டும். 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. 1870களில் துறைமுகக் கட்டுமானமும் பெரம்பூர்ப் பக்கத்தில் பக்கிங்காம் ஆலையும் வந்தன. கர்நாடிக் ஆலை பின்தொடர்ந்தது. ஆலைக்குள் பெரியவர்களோடு பிள்ளைகளும் போனார்கள். 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயது நிரம்பிய குழந்தையை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது. அதையே அன்று ஒரு சீர்திருத்தமாகக் கருதினார்கள். 1891இல் வயது ஒன்பதாக உயர்ந்தது, நேரம் ஏழு மணியாகக் குறைந்தது. 1911இல் பஞ்சாலைகளில் ஆறு மணி நேரம் என்று ஆனது. 1922இல்தான் பன்னிரண்டு வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கக் கூடாது என்ற விதி வந்தது. பாதி நாள் ஆலையில், மீதி நாள் ஆலை நடத்திய பள்ளியில் என்று வாழ்ந்த பிள்ளைகள் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் இருந்தார்கள். இன்று தொடக்கப்பள்ளி வயது என்று நாம் சொல்லும் ஆறு முதல் பத்து வயது வரையிலான பருவத்தை, வடசென்னையின் ஒரு பகுதிப் பிள்ளைகளிடமிருந்து தறிகளும் நூற்புக்கதிர்களும் எடுத்துக்கொண்டன. விளையாட்டு நேரம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

உடலுக்கான நேரத்தை முதலில் கேட்டவர்களும் இதே பகுதியின் தொழிலாளிகள்தான். 1918 ஏப்ரல் 27 அன்று உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்கக் குறைகளில், சாப்பிட்டு மூச்சுவிட மதிய இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. 1923இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றினார். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் தனக்கான பொழுது என்பதே உலகெங்கும் அந்த நாளின் கோரிக்கை. உழைக்கும் உடலுக்கு ஓய்வும் களிப்பும் உரிமை என்ற கருத்தை இந்த நாட்டில் முன்னெடுத்த இடங்களில் வடசென்னைக்கு முதல் வரிசையில் இடமுண்டு. பெரியவர்கள் அந்த உரிமையைப் போராடிப் பெற்றார்கள். சங்கம் கட்டத் தெரியாத அவர்களுடைய பிள்ளைகளுக்காக அதே உரிமையைப் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்கவில்லை. ஆலையிலிருந்து பிள்ளையை மீட்டுப் பள்ளியில் உட்காரவைத்ததே பெரிய வெற்றியாகத் தெரிந்த காலம் அது. உட்காரவைத்தபின் அந்தப் பிள்ளை எழுந்து ஓட வேண்டாமா என்ற கேள்வி எழவே இல்லை.

பள்ளிக்குள் உடற்பயிற்சி முற்றிலும் இல்லாமல் போகவில்லை. ஆனால் அது வந்த வழி வேறு. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதினார்கள், ஓலைச் சுவடியில் படித்தார்கள். கோதண்டம் போன்ற தண்டனைகளும் அவர்கள் உடல்மேல் விழுந்தன. விளையாட்டு என்பது பள்ளி விட்டபின் தெருவில் நடந்த காரியம். ஆங்கிலேயர் வகுத்த பள்ளிமுறையில் உடல் வேறு காரணத்துக்காகக் கவனம் பெற்றது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, பள்ளியின் தரத்துக்கேற்ப நாட்டு விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், டிரில் ஆகியவற்றை ஊக்குவிக்கலாம் என்று பரிந்துரைத்தது. நாட்டு விளையாட்டு என்பது தாளிலேயே நின்றது, டிரில் மட்டும் நடைமுறைக்கு வந்தது. காரணம் எளிது. டிரில்லுக்கு மைதானம் அதிகம் தேவையில்லை, கருவி எதுவும் தேவையில்லை. ஐம்பது பிள்ளைகளை ஒரே குரலால் ஆட்டுவிக்கலாம். ஆய்வாளர் வரும் நாளில் காட்டவும் வசதியானது. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள் டிரில் மாஸ்டர்கள் ஆனார்கள். வலம், இடம், நில், நட என்ற கட்டளைகளின் நோக்கம் உடலை வளர்ப்பதைவிட உடலை அடக்குவதுதான். இந்தப் பிறவிக்குணம் நம் உடற்கல்வியிலிருந்து இன்றுவரை முழுதாக நீங்கவில்லை. பி.டி. மாஸ்டர் என்றதும் விசிலும் பிரம்பும் நினைவுக்கு வருவதும், பள்ளியின் ஒழுங்கைக் காக்கும் காவல் வேலை அவர் தலையில் விழுவதும் அங்கிருந்து தொடர்பவை.

பக் கொண்டுவந்தது இதற்கு மாற்றான ஒரு பார்வை. அவருக்கு முன்பே 1908இல் ஜே. எச். கிரே கல்கத்தாவில் ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சிப் பணியைத் தொடங்கியிருந்தார். கட்டளைக்குக் கீழ்ப்படியும் உடலைவிட விளையாட்டில் தானே விரும்பி ஈடுபடும் உடல் நன்றாக வளரும், கூடி ஆடுவதே ஒரு கல்வி என்பது இந்த இயக்கத்தின் அடிப்படை. பக் தம் மாணவர்களைப் பள்ளி ஆசிரியர்களாக அனுப்பினார், பொது விளையாட்டுத் திடல்களை வலியுறுத்தினார், 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராக இருந்தார். 1943இல் அவர் இறந்தபோது தென்னிந்தியாவின் உடற்கல்வி ஆசிரியர் என்ற தொழிலே பெருமளவு அவர் உருவாக்கியதாக இருந்தது. ஆனால் அந்த ஆசிரியர்கள் வேலைக்குப் போன இடங்களைப் பார்த்தால் வரலாறு எங்கே திரும்பியது என்பது புரியும். உயர்நிலைப் பள்ளிகளும் கல்லூரிகளும் அவர்களை வேலைக்கு வைத்தன. அங்கே மைதானம் இருந்தது, கட்டணம் இருந்தது, கோப்பைகள் இருந்தன. இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும் கொண்ட மாநகராட்சித் தொடக்கப்பள்ளிக்கு அப்படி ஓர் ஆசிரியரைக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சென்னையில் உருவான உடற்கல்வி சென்னையின் மிக ஏழைப் பிள்ளைகளைத் தாண்டிப் போய்விட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகும் திசை மாறவில்லை. 1948இல் தேசிய மாணவர் படை வந்தது. 1954இல் தேசிய ஒழுக்கத் திட்டம் வந்தது. ஆசாத் ஹிந்த் படையில் இருந்த ஜே. கே. போன்ஸ்லே அதை நடத்தினார். குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி 1965 வாக்கில் பல திட்டங்களை இணைத்துத் தேசிய உடற்தகுதிப் படை என்று ஒன்று உருவானது. பெயர்களே சொல்கின்றன: படை, ஒழுக்கம், தகுதி. அரசின் உடற்கல்வித் திட்டங்கள் உடல் தகுதியை மட்டும் பார்த்துக் கல்வி மதிப்பைக் கைவிடுகின்றன என்று 1964 - 66 கோத்தாரி கல்விக் குழுவே சுட்டிக்காட்டியது. இந்தத் திட்டங்களில் எதற்கும் ஆறு வயதுப் பிள்ளை முக்கியமாக இருக்கவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குறையைத் தீர்த்திருக்கலாம். அதன் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது, வகுப்புதோறும் விளையாட்டுப் பொருள்கள் தர வேண்டும் என்கிறது. உடற்கல்விக்கு ஆசிரியர் என்று வரும்போதோ, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில், அதுவும் நூறு பேருக்கு மேல் படித்தால், பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர் போதும் என்று நின்றுவிடுகிறது. 1 முதல் 5 வரை அந்தப் பகுதிநேரப் பயிற்றுநரும் கிடையாது. தமிழக அரசு 2012இல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு அமர்த்தியபோதும் அவர்கள் போனது இந்தச் சட்டம் காட்டிய மேல்வகுப்புகளுக்குத்தான். உடலும் எலும்பும் ஓட்டமும் சமநிலையும் வேகமாக வளரும் ஐந்து ஆண்டுகளுக்குச் சட்டம் ஒரு மனிதரையும் ஒதுக்கவில்லை.

இத்தனை பெரிய இடைவெளி ஏன் இங்கே உறைக்கவில்லை என்றால், வடசென்னை அதைப் பள்ளிக்கு வெளியே தானே நிரப்பிக்கொண்டது என்பதுதான் காரணம். கடல் இருந்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை குப்பத்துப் பிள்ளைகள் நடக்கக் கற்ற கையோடு நீந்தக் கற்றார்கள். கட்டுமரம் தள்ளினார்கள், மணலில் பந்து உதைத்தார்கள். தெருவில் கில்லி, கோலி, பம்பரம், ஏழு கல், பாண்டி, சடுகுடு இருந்தன. காற்று திரும்பும் மாதங்களில் மாடிகளில் காத்தாடி இருந்தது. சிலம்ப வாத்தியார்கள் இருந்தார்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்ற பரம்பரைகளாகக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். கண்ணப்பர் திடலில் அவர்கள் மோதியதைப் பார்க்க ஆலைத் தொழிலாளிகளும் துறைமுகத் தொழிலாளிகளும் திரண்டார்கள். கித்தேரி முத்து போன்ற குத்துச்சண்டை வீரர்களின் பெயர்கள் வீட்டுக்கு வீடு புழங்கின. 2021இல் பா. ரஞ்சித்தின் திரைப்படம் வந்தபின் அந்த உலகம் தமிழகம் முழுக்கத் தெரியவந்தது. அரசின் காசு ஒன்றும் இல்லாமல், தொழிலாளிகள் தங்கள் உழைப்புக்கு வெளியே கட்டியெழுப்பிய உடற்கல்வி இது. பரம்பரைகளின் பயிற்சியும் கட்டுப்பாடும் எந்தக் கல்லூரிக்கும் குறைந்தவை அல்ல.

ஆனாலும் அந்த வெளிப்பள்ளிக்கு இரண்டு குறைகள் இருந்தன. அது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் உலகம். பெண்பிள்ளைக்குப் பாண்டியும் ஸ்கிப்பிங்கும் ஒன்பது, பத்து வயது வரை கிடைத்தன. தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையும் இடுப்பில் ஏறியபின் அவையும் நின்றன. கால் ஊனமான, கண் தெரியாத பிள்ளைகளை அந்த ஆட்டங்கள் ஓரத்தில் உட்காரவைத்தன. தெரு யாரையும் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டதல்ல, பள்ளி கடமைப்பட்டது. இரண்டாவது குறை இன்னும் பெரியது. அந்த உலகம் முழுக்க இடத்தை நம்பி இருந்தது. அந்த இடம் இந்தப் பகுதி மக்களின் கையில் இருக்கவில்லை.

இடம் போன கதையைத் துறைமுகத்திலிருந்தே தொடங்கலாம். இந்தக் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தெற்கே தேங்கியது; மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் அலை கரையைத் தின்றது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டித் தெருக்களும் வீடுகளும் கோயில்களும் போயின. கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் நீளும் கல்வரிசைகளான தூண்டில் வளைவுகள் வந்தன. நகரத்தின் தென்பாதிக்கு உலகப் புகழ்பெற்ற ஒரு விளையாட்டுத் திடலைக் கொடுத்த அதே சுவர், வடபாதிப் பிள்ளைகளிடமிருந்து மணலைப் பறித்து அங்கே பாறாங்கல்லை வைத்தது. மெரினாவில் மாலை நேரக் கிரிக்கெட்டைப் பார்க்கும் எவரும் இந்தக் கணக்கையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

நிலத்திலும் அதேதான் நடந்தது. எண்ணூர் ஒரு காலத்தில் ஐரோப்பியர்கள் படகுவிட்டுப் பொழுதுபோக்க வந்த உல்லாச இடம். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பிள்ளைகள் விளையாடும் பலூன்களைச் செய்யத் தொடங்கினார், எம்.ஆர்.எப். என்ற பெரிய டயர் நிறுவனம் அங்கிருந்து வளர்ந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்பீல்டு, மணலியில் சுத்திகரிப்பு ஆலை, 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலைகள் இவை. இவற்றைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. ஆனால் வேலைக்கு நிலம் ஒதுக்கியபோது, வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் ஓட ஒரு துண்டு நிலத்தை யாரும் ஒதுக்கவில்லை. நகரம் தன் பழைய திறந்தவெளிகளையே காக்கவில்லை: இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்து மக்கள் காற்று வாங்க 1859 வாக்கில் ஆளுநர் டிரெவெலியன் அமைத்த 116 ஏக்கர் மக்கள் பூங்காவில் இன்று மாநகராட்சிக் கட்டடமும் ரயில்வே அலுவலகமும் விளையாட்டரங்கும் நிற்கின்றன. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்த ராயபுரம் ராபின்சன் பூங்கா போன்ற சில வெளிகளே மிஞ்சின. தெருவும் கடைசியில் போயிற்று. துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும் சாலையை ஒட்டிய குடியிருப்பில் எந்தத் தாயும் பிள்ளையை வெளியே விளையாடு என்று அனுப்பமாட்டாள்.

இடம் சுருங்கியதற்கு வடசென்னையின் விளையாட்டுப் புகழே சாட்சி. இந்தப் பகுதி உலக மேடையில் அடையாளம் பெற்ற விளையாட்டுகளில் கேரம் முதன்மையானது. வியாசர்பாடியின் இளவழகி உலகப் பட்டம் வென்றார். புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அவர்களின் திறமையும் உழைப்பும் தலைவணங்கத் தக்கவை. அதே நேரத்தில், ஒரு பலகையும் நான்கு பேர் உட்கார இடமும் இருந்தால் போதும் என்ற விளையாட்டில் ஒரு நிலப்பகுதி இத்தனை ஆழமாக வேர்விட்டிருப்பது, அதன் பிள்ளைகளுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பதையும் சொல்கிறது. கால்பந்தாட்டத்தால் குட்டி பிரேசில் என்று பெயரெடுத்த வியாசர்பாடி இதை மறுகோணத்தில் நிரூபிக்கிறது. அங்கே முல்லை நகர்த் திடல் என்று ஒன்று தப்பிப் பிழைத்தது, உள்ளூர் இளைஞர்கள் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி தந்தார்கள், ஆட்டக்காரர்கள் உருவானார்கள். திடல் ஒன்றும் நாள்தோறும் வந்து நிற்கும் பெரியவர் ஒருவரும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த ஒரு திடல் போதுமான சான்று.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வடசென்னைப் பிள்ளைகள் எப்போதும் ஓடியாடித் திரிபவர்கள், அவர்களுக்குப் போய் உடற்பயிற்சி எதற்கு, அது ஏசி வேனில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு தலைமுறைக்கு முன்பு இது ஓரளவு உண்மையாக இருந்திருக்கலாம். இன்று அந்தப் பிள்ளையின் கடலோரம் கல், தெரு லாரிப்பாதை, வீடு ஒற்றை அறை, பொழுதுபோக்குக் கைபேசி. ஐந்து முதல் பதினேழு வயதுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக அறுபது நிமிடமாவது மிதமாகவோ தீவிரமாகவோ உடலை இயக்க வேண்டும் என்கிறது 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். வசதியுள்ள வீடு அதைக் கட்டணம் கட்டி நீச்சல் வகுப்பிலும் பேட்மின்டன் அகாடமியிலும் வாங்கிக்கொள்ளும். வாங்க முடியாத வீட்டுக்குப் பள்ளி மட்டுமே மிச்சம். ஏழைப் பிள்ளையின் உடல் இயல்பாகவே உறுதியானது என்ற நம்பிக்கைதான் 1881இல் ஏழு வயதுக் குழந்தையை ஆலைக்குள் விட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

இதைவிட வலுவான மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து வருவது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கும் நேரத்தில் பாடம் நடத்தவே முடியவில்லை, இதில் விளையாட்டுக்கு நேரம் எங்கே என்பது அவர்கள் கேள்வி. கணக்கு டீச்சர் பி.டி. பீரியடைக் கடன் வாங்குவது அலட்சியத்தால் அல்ல, இந்த நெருக்கடியால். ஆனால் நேரக் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்குக் கேட்பது ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரக் கற்பித்தல். அதாவது நாளுக்கு நான்கு மணி நேரம். நம் பள்ளிகள் திறந்திருக்கும் நேரம் அதைவிட அதிகம். நாள்தோறும் அரை மணி என்றால் ஆண்டுக்கு 100 மணி நேரம்; பாடத்தைத் தொடாமலே அதற்கு இடம் உண்டு. தவிர, இயக்கமும் கற்றலும் எதிரிகள் அல்ல என்பதைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளே நாட்டுக்குக் காட்டின. 2003இல் அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமாரின் முயற்சியில் பதின்மூன்று பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பெஞ்சை அகற்றிப் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக அமர்த்தியது. அட்டையை எடுக்கவும் அடுத்த குழுவுக்குப் போகவும் எழுந்து நடக்கவிட்டது. சில ஆண்டுகளில் அது தமிழகம் முழுதும் பரவியது. நூறாண்டாக அசையாமல் உட்கார் என்று சொல்லிவந்த வகுப்பறை முதன்முறையாக எழுந்து நட என்றது. அறைக்குள் வந்த அந்த மாற்றத்தை முற்றத்துக்கும் கொண்டுபோவதுதான் மிச்சமிருக்கும் வேலை.

மைதானமும் ஆசிரியரும் இல்லாமல் எப்படி என்ற கேள்விக்கும் இந்த வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. டிரில்லை எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுபோன வெள்ளை அரசு மைதானம் கட்டிவிட்டுத் தொடங்கவில்லை; இருந்த முற்றத்திலேயே நடத்தியது. அடக்குவதற்குப் போதுமாக இருந்த முற்றம் ஆடுவதற்கும் போதும். ஸ்கிப்பிங் கயிறும் பாண்டிக் கட்டமும் கில்லியும் பத்தடி இடத்தில் நடக்கும். கூடுதல் இடம் வேண்டுமென்றால் மாநகராட்சியின் விளையாட்டுத் திடல்கள் பள்ளி நேரத்தில் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன. பள்ளியும் திடலும் ஒரே மாநகராட்சியின் கையில் இருக்கும் இடங்களில் காலையில் ஒரு மணி நேரத்தைப் பள்ளிக்கு என்று எழுதிவைக்கத் தனிச் சட்டம் தேவையில்லை. 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னையோடு இணைந்தபின் இது இன்னும் எளிதாகியிருக்க வேண்டும். ஆசிரியரைப் பொறுத்தவரை, ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் ஒருவர் என்று நாளையே கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் நாலைந்து பள்ளிகளுக்கு ஒருவர் என்று முறைவைத்து, அவர் வகுப்பாசிரியர்களுக்கும் பயிற்சி தந்தால் நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கும். சிலம்பமும் குத்துச்சண்டையும் கால்பந்தும் கேரமும் கற்றுத்தரும் வாத்தியார்கள் இந்தத் தெருக்களிலேயே இருக்கிறார்கள். நூறாண்டாகப் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட அவர்களை மதிப்பூதியம் கொடுத்து உள்ளே அழைப்பது, இந்தப் பகுதியின் உழைப்பாளிகள் கட்டிய பண்பாட்டுக்குத் தரும் நியாயமான இடமாகவும் இருக்கும்.

கடைசி மறுப்பைச் சொல்வதே வேதனை தருவது. இந்தக் காற்றில் பிள்ளைகளை ஓடவிடலாமா? 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது; அதே மாதம் 26ஆம் தேதி இரவு ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மருத்துவமனைக்கு ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் நெடி பரவி மாணவியர் மயங்கினார்கள். இந்த அச்சம் முழுக்க நியாயமானது. ஆனால் நச்சுக் காற்றுக்குப் பயந்து பிள்ளைகளை அறைக்குள் வைத்தால் அதே காற்று ஜன்னல் வழியே அறைக்குள்ளும் வரும். ஓடினால் மூச்சு முட்டும் காற்று என்றால், அது ஆலையைக் கேள்வி கேட்பதற்கான காரணம். பிள்ளையை உட்காரவைப்பதற்கான காரணம் அல்ல. ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் காற்றின் தரத்தை அளந்து, கெட்ட நாளில் உள்ளேயும் நல்ல நாளில் வெளியேயும் ஆடவைக்கலாம். அப்படி நாள்தோறும் எழுதப்படும் பதிவு, ஆலைகளை ஒழுங்குபடுத்த இந்த மக்கள் கையில் கிடைக்கும் சான்றாகவும் ஆகும்.

மதிய உணவின் கதை இதற்கெல்லாம் துணிவு தருகிறது. தியாகராயரின் திட்டம் பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு ஓரணா என்ற வரம்போடு தொடங்கியது. தொடக்கக் கல்விப் பணத்தை அதற்குச் செலவிடக் கூடாது என்று அரசு தடுத்ததால் 1925இல் நின்றது. பணம் இல்லை, பள்ளியின் வேலை பாடம் சொல்வதுதான், சோறு போடுவது வீட்டின் வேலை என்ற வாதங்கள் அப்போதும் இருந்தன. 1956இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022 செப்டம்பரில் 1,545 அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. பசியோடு உட்கார்ந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஏற்க இந்த மாநிலத்துக்கு முப்பத்தாறு ஆண்டு பிடித்தது. ஏற்றபின் எந்த ஆட்சியாலும் அதைக் கைவிட முடியவில்லை. அதே 1920இல் அதே நகரத்தில் பிறந்த உடற்கல்விக்கு நூற்றைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் தொடக்கப்பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி மண்டலங்களின் தொடக்கப்பள்ளிகளில் நாள்தோறும் அரை மணி நேர விளையாட்டைக் கால அட்டவணையில் எழுதி, அதை எந்தப் பாடமும் கடன் வாங்கக் கூடாது என்று மாநகராட்சி ஓர் ஆணை போட்டால், அடுத்த கல்வியாண்டிலேயே அது நடக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெற்றிருக்கும் பெற்றோர்கள் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். சோற்றைக் கேட்டு வாங்கிய ஊர் இதையும் கேட்டு வாங்க வேண்டும்.